திரும்பி வருகிறவனுக்கு ஒரு வீடு

"அவங்களுக்குள்ளயே அடிச்சிக்கிறாங்க, குடிக்கிறாங்க, சொந்தக்காரனையே காட்டிக் கொடுக்கிறாங்க. இதுல நாம போய் என்ன பண்றது?" இருளர் குடியிருப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அனகாபுத்தூரில் என் தெருக்காரர்கள் பலர் சொல்வது இதுதான். நல்ல மனிதர்கள் அவர்கள். அடையாற்றில் வெள்ளம் வந்தால் வீட்டு அரிசியை எடுத்துக்கொண்டு உதவிக்கு ஓடுகிறவர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். குடிநோய்ப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவர்கள் கேட்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பாதி என் கண்ணால் கண்டது, மீதி தேடிப் படித்தது.

அடிபட்ட சமூகம், அடித்தவனைத் திருப்பி அடிப்பது அபூர்வம். அவன் எட்டாத உயரத்தில் இருப்பான். கைக்கு எட்டுவது மனைவி, தம்பி, பக்கத்துக் குடிசைக்காரன். அல்ஜீரியாவில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஃபனான் 1961இல் வெளியான தன் நூலில் இதை எழுதினார்: அடிமைப்படுத்தப்பட்டவனின் கோபம் முதலில் பாய்வது சொந்த மக்கள் மீதுதான். ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கான சமூகநீதி ஆணையராக இருந்த மிக் கூடா, அவரும் ஒரு பழங்குடி, 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இந்த உள்வன்முறையை முதன்மையான பொருளாக எடுத்துக்கொண்டார். கை ஓங்குவது மட்டுமல்ல அது. புறம் பேசுவது, படித்து மேலே வரும் பெண்ணை "பெரிய இவளாயிட்டா" என்று குத்துவது, உதவி வாங்கியவனை ஒதுக்குவது எல்லாமே அதில் சேரும் என்றார்.

நம் பக்கத்துக்கு வருவோம். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு தமிழகப் பழங்குடிகளில் இருளரும் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 1,90,000 பேர். காட்டையும் ஏரிக்கரையையும் நம்பி வாழ்ந்தவர்கள். பாம்புத்தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் பிழைப்பு அடைபட ஆரம்பித்தது. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்கும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சு அங்கேயிருந்து போகிறது. ஆனால் அந்தச் சங்கத்துக்குள் வந்தவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும், அரிசி ஆலைக்கும், மரம் வெட்டவும் போனார்கள். வாங்கிய முன்பணம் அடைபடவே அடைபடாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் நம் மாவட்டங்களில் வருவாய்க் கோட்டாட்சியர்கள் போய் ஆட்களை மீட்டு வருகிறார்கள்.

இந்த அமைப்பில் வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு ஆள் உண்டு. மேஸ்திரி. ஆள் பிடித்துக் கொடுப்பவர். பல இடங்களில் அவரும் இருளர்தான். தன் மாமன் வீட்டையும் சித்தப்பன் வீட்டையும் முன்பணத்தில் கட்டிப் போடுவார், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குவார். முதலாளி யாரென்றே தெரியாமல் வேலை செய்யும் குடும்பங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் எதிரி இவர்தான்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு. கூரை வீடுகளும், ஒழுக ஆரம்பித்துவிட்ட தொகுப்பு வீடுகளும் கலந்து நிற்கும். குடிநோய் பற்றிப் பேச அங்கே போகத் தொடங்கி, பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன். அங்கே அப்படி ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் கூட்டிப்போன சொந்தக்காரக் குடும்பங்கள் சூளையில் மாட்டிக்கொண்டன. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மண் மிதித்துக் கல் அறுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த நோட்டு அவர்கள் கைக்கு வந்ததே கிடையாது. அதிகாரிகள் மீட்டு, விடுதலைச் சான்று கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். மேஸ்திரியும் ஊருக்குத் திரும்பினார். ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயில் அவர் மனைவி குடம் வைத்தால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் காலையிலேயே குடிக்க ஆரம்பித்தார். ராத்திரியில் மனைவியை அடித்தார்.

இதில் முதலில் அசைந்தவர் ஒரு கிழவி. ஊரே ஆயா என்று கூப்பிடும் அவருடைய மகனும் அந்தச் சூளையில் கிடந்தவன்தான். ஒருநாள் மேஸ்திரி வீட்டு வாசலில் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்துவிட்டு, "துன்னு" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாளும் வைத்தார். மகன் கோபித்துக்கொண்டான். நானும் கேட்டேன். அவர் சொன்னது: "அவன் பண்ணது தப்புதான் நர்சம்மா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவனும் பத்து வயசுல இதே மாதிரி சூளையில கல்லு அறுத்தவன். நான் இடுப்புல தூக்கிவெச்சி வளத்த புள்ள. பட்டினி போட்டா திருந்திடுவானா?"

சோறு போட்டதோடு ஆயா நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத மாட்டேன். இரண்டு வாரம் கழித்து மேஸ்திரியை வேப்பமரத்தடிக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். யார் யாருக்கு எவ்வளவு முன்பணம், தலைக்கு எவ்வளவு கமிஷன் என்று பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எதிரிலேயே அவர் வாயால் சொல்ல வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அதை நோட்டில் எழுதினாள். அதே கணக்கை கோட்டாட்சியர் விசாரணையிலும் அவர் சொன்னார். அவர்மேல் இருந்த வழக்கை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு ஆயா ஒரு வேலை கொடுத்தார்: மீட்கப்பட்டவர்களுக்கு வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, ரேஷன் அட்டை எல்லாம் வாங்கிக் கொடுக்க தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போவது. அதிகாரிகளிடம் நின்று பேசத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான். ஆள் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்ட வித்தை அது.

தீபாவளிக்கு மேஸ்திரி மறுபடி குடித்தார். மனைவியை அடிக்கக் கை ஓங்கினார். ஆயா அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தட்டியைச் சாத்தினார். வெளியே நின்று கத்தியவரிடம் உள்ளேயிருந்தே சொன்னார்: "காலையில வா. இப்ப வராதே." காலையில் அவர் வந்தபோது டீ கொடுத்தார். அப்புறம்தான் திட்டினார்.

விலகிப் போனவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது இருளருக்குப் புதிய வழக்கமும் இல்லை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வட மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து, புடவையைக் கூடாரமாகக் கட்டித் தங்குவார்கள். விடியற்காலையில் மணலில் படிக்கட்டு வைத்துக் கோயில் கட்டி, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாள், தணிந்ததும் வீடு திரும்புவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. கல்யாணப் பேச்சு, காதுகுத்து, உறவுப் பிணக்கைத் தீர்ப்பது எல்லாம் அந்த மணலில்தான் நடக்கும். கோபத்தோடு போனவரை அழைத்து வருவது அவர்கள் சாமி கும்பிடும் முறையிலேயே இருக்கிறது. நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது அதிகம் இல்லை.

வேலையில் இருந்த காலத்தில் என் மனதில் ஆழமாகப் பதிந்த கதை கனடாவில் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அல்கலி லேக் என்று ஒரு சிறிய ஊர். ஷுஸ்வாப் பழங்குடிகள் வாழ்வது. கனடா அரசு பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1990களின் பிற்பகுதி வரை, சுமார் 1,50,000 குழந்தைகள். தாய்மொழி பேசினால் அடி. பல பள்ளிகளில் பாலியல் கொடுமை. அல்கலி லேக் பிள்ளைகள் போனது செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் பள்ளிக்கு. அந்த வளாகத்தில் புதைகுழிகளாக இருக்கக்கூடிய 93 தடயங்கள் கிடைத்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர்கள் ஊர் திரும்பி, தங்கள் பிள்ளைகளை எப்படி வளர்ப்பார்கள்? அணைத்து வளர்த்த கைகளை அவர்கள் பார்த்ததே இல்லை. 1960களில் அந்த ஊரில் குடிக்காத பெரியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடிதடி, பட்டினி கிடக்கும் குழந்தைகள், சொந்தத்துக்குள்ளேயே பாலியல் வன்முறை. வெளியூர்க்காரர்கள் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

1970களின் தொடக்கத்தில் ஒருநாள், பாட்டி வீட்டில் விட்டிருந்த ஏழு வயது மகளை அழைத்துப்போக அந்த ஊர்ப் பெண் ஃபிலிஸ் செல்சி போனார். "நீங்க குடிக்கிறீங்க, நான் வரமாட்டேன்" என்றாள் மகள். அன்றோடு ஃபிலிஸ் குடியை விட்டார். சில நாளில் கணவர் ஆண்டியும் விட்டார். இதற்கு அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியம். ஏறத்தாழ ஒரு வருஷம், ஊர் முழுக்க அவர்கள் இருவர் மட்டுமே குடிக்காதவர்கள். கூட்டம் போடுவார்கள், யாரும் வர மாட்டார்கள். மறுபடி போடுவார்கள். பிறகு ஆண்டி ஊர்த் தலைவரானார்.

அவர்கள் செய்ததில் கண்டிப்பும் இருந்தது. கள்ளச்சரக்கு விற்றவர்களைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஆண்டியின் சொந்தத் தாயும் ஒருவர். உதவித்தொகையைப் பணமாகக் கொடுக்காமல், கடையில் உணவும் துணியும் வாங்கும் சீட்டாகக் கொடுத்தார்கள். தப்பு செய்தவரிடம் "சிகிச்சையா, சிறையா?" என்று கேட்டார்கள். சிகிச்சைக்குக் கிளம்பியவரை மட்டும் ஊர் கைவிடவில்லை. அவர் வெளியூரில் இருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். உடைந்த ஜன்னலைச் சரிசெய்து, வீட்டைக் கழுவிச் சுத்தம் பண்ணி வைத்தார்கள். வந்ததும் செய்ய ஒரு வேலை தயாராக இருக்கும்.

இதன் அருமை குடிநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். வார்டில் இருக்கும் வரை நோயாளி நன்றாகத்தான் இருப்பார். கை நடுக்கம் நிற்கும், சாப்பிடுவார், பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனால் அதே ஒழுகும் கூரை, அதே கடன்காரன், "வந்துட்டாருடா மகாத்மா" என்று கிண்டல் பண்ணும் அதே தெரு. மூன்று வாரத்தில் திரும்பவும் கட்டிலில் படுத்திருப்பார். எழுதிக் கொடுத்த மாத்திரை தப்பில்லை. அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. அல்கலி லேக் மக்கள் சரிசெய்தது அந்த இடத்தை. 1980களின் தொடக்கத்தில் அந்த ஊரில் பெரும்பாலோர் குடிக்காதவர்கள். அந்தக் கதையைப் படமாக எடுத்தபோது ஊர்க்காரர்களே தங்கள் வேடத்தைத் தாங்களே ஏற்று நடித்தார்கள். குடி போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உறைவிடப் பள்ளியில் நடந்த கொடுமைகளை வெளியே பேசுகிற தெம்பு அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வந்தது. அந்தப் பேச்சு இன்னும் கடினமானது.

தமிழ்நாட்டிலும் இதற்குக் கிட்டத்தில் வரும் ஒரு கதை உண்டு, நீலகிரியின் கூடலூரில். அங்கே பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் எனப் பல பழங்குடிகள். பணியர்கள் நிலக்கிழார்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் காலத்தில், கேரளத்து மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு திருவிழாவில், அடுத்த வருஷத்து வேலைக்கு ஆள் எடுப்பார்கள். கோயில் திருவிழாவில் மனிதர்களை வருஷக் குத்தகைக்கு எடுக்கும் சந்தை! இப்படி அழுத்தப்பட்ட இடத்தில் பழங்குடிகளுக்குள்ளேயே மேல் கீழ் உண்டாகிவிட்டது. சொந்த நிலம் இருந்த முள்ளுக்குறும்பர், பணியர் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்.

1980களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கராவும் மாரி தேக்கேக்கராவும் அங்கே 'அக்கார்டு' அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகச் சங்கங்கள் உருவாகி ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக இணைந்தன. 1988 டிசம்பர் 5 அன்று நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். தலைமுறைகளாக ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாதவர்கள் அன்று ஒரே கூட்டமாக நடந்தார்கள். 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நர்ஸ் ஆக்கினார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது நர்ஸாக இருந்த எனக்குத் தெரியும். வெளியே மருத்துவமனைகளில் அதட்டலும் அருவருப்பும் பார்த்து, ஆஸ்பத்திரி என்றாலே காட்டுக்குள் ஓடியவர்கள் அந்த மக்கள். இங்கே தன் மொழியில், தன் சாயலில் ஒரு பெண் வந்து நாடி பார்க்கிறாள். குறும்பர் பெண் பணியர் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கிறாள். நேற்று வரை தொடத் தயங்கிய கை அது. தொடக்கூடாது என்ற வழக்கத்தைச் சொற்பொழிவால் உடைக்க முடியாது. இப்படி வேலையில்தான் அது உடையும்.

இனி எனக்குப் பயம் உள்ள இடத்துக்கு வருகிறேன். அன்பால் திருத்துவது என்று சொன்னதும் நம் ஊரில் அந்தப் பொறுப்பை அடிவாங்கும் பெண் தலையில் கட்டிவிடுவார்கள். "நீ பொறுத்துப் போனா அவன் மாறிடுவான்." எத்தனை பெண்கள் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே உடம்பெல்லாம் காயத்தோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்! கனிவு முதலில் சேர வேண்டியது காயப்பட்டவருக்கு. அவள் பத்திரமாக இருக்க ஒரு வீடு, போலீஸ், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 181 உதவி எண் எல்லாம் முதலில். அடித்தவனிடம் கனிவு காட்டுவது ஊரின் வேலை. மனைவியின் வேலை கிடையவே கிடையாது. தட்டியைச் சாத்திய ஆயாவுக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஹாலோ வாட்டர் என்ற அனிஷினாபே பழங்குடி ஊர், குற்றம் செய்தவரைத் திருத்தும் பொறுப்பை ஊரே ஏற்பதை 1980களிலிருந்து ஒரு முறையாகவே நடத்தியது. பாலியல் குற்றம் செய்தவர் குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டால், ஊர் வட்டத்தில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக ஆள் உண்டு, தனி ஆதரவு உண்டு. வருஷக்கணக்கில் 13 படிகள். 'சிறைக்குப் போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்' என்று நினைக்க வைக்கிற கடினம் அதில் உண்டு. சுமார் பத்தாண்டுகளில் இந்த வழியில் வந்த 107 பேரில் மறுபடி குற்றம் செய்தவர்கள் இருவர் என்றது 2001இல் வந்த ஒரு மதிப்பீடு.

நம் மாவட்டங்களுக்கு என்ன தேவை என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், 1989இல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் ஒரு முகாம் போட்டார். குடிநோயாளியைச் சென்னைக்கு இழுத்து வராமல் அவருடைய ஊரிலேயே, ஊர்க்காரர்கள் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள, குடும்பமும் கூட வந்து உட்கார, 15 நாள் சிகிச்சை. அந்த முறை இருளர் குடியிருப்புகளுக்கும் வர வேண்டும். பிழைப்பும் கூடவே வர வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில், கொத்தடிமையிலிருந்து மீண்ட இருளர் குடும்பங்களே சொந்தமாகச் செங்கல் சூளை நடத்த மாவட்ட நிர்வாகம் வழி செய்தது. கல் அறுத்த அதே கையில் கணக்கு நோட்டும் வந்தது. முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட அங்கே மேஸ்திரிக்கு வேலையில்லை.

ஏரிக்கரைக் குடியிருப்பு மக்களோடு சேர்ந்து நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். அதில் கேட்டிருப்பவை: குடிநோய் முகாம் குடியிருப்பிலேயே நடக்க வேண்டும், கூட வேலை செய்ய இரண்டு இருளர் பெண்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும், முகாமில் இருக்கும் நாட்களுக்கு அந்தக் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, கூலி இழப்பு கொடுக்க வேண்டும், தொகுப்பு வீடுகளின் ஒழுகும் கூரையை அதற்குள் பூசித் தர வேண்டும். மனுவில் முதல் கையெழுத்து ஆயாவின் பெருவிரல் ரேகை. நான்காவது கையெழுத்து அந்த மேஸ்திரியுடையது. சூளைகளுக்கு மழைக்கால விடுமுறை முடியும் முன் முகாம் நடக்க வேண்டும் என்று தனியாக அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறோம். தை பிறந்தால் முன்பணத்தோடு வேறு மேஸ்திரிகள் வந்துவிடுவார்கள்.